ரதவீதிக் கிராம்புத் தைலம்: ஈறு வலிக்கு வாங்கலாமா?

பழுப்புக் கண்ணாடிக் குப்பி, 10 மில்லி, விலை 180 ரூபாய். லேபிளில் ‘கிராம்புத் தைலம், வெளிப்பூச்சுக்கு’ என்று அச்சடித்து, கீழே மாதத்தையும் வருடத்தையும் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். திருநெல்வேலி டவுணில் அல்வாவுக்கு நிற்கிற கூட்டத்தைத் தாண்டி ரதவீதியில் நடந்தால், வாசலில் சாக்குச் சாக்காகக் கடுக்காயும் சுக்கும் வைத்திருக்கிற நாட்டு மருந்துக் கடை ஒன்று வரும். அங்கே வாங்கியது. கடைப் பெயரை எழுதவில்லை. இந்த ஊரில் இப்படிப்பட்ட கடைகள் நாலைந்து உண்டு. கீழே சொல்லியிருக்கிற சோதனையைச் செய்து பார்த்துவிட்டு எதில் வேண்டுமானாலும் வாங்கலாம்.

பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறவள் நான். அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் நரம்புப் பக்கம் சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, சொதிச் சாப்பாட்டையே தள்ளிவைக்கும் அளவுக்கு வலித்தபோது இதை வாங்கினேன். பல் டாக்டரிடம் நேரம் கிடைக்க வார இறுதி ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் ஏதாவது வேண்டுமே. கடை அண்ணாச்சி குப்பியை எடுத்து நீட்டும்போதே எச்சரித்தார்: “எரியத்தான் செய்யும் டீச்சர். எரிஞ்சாத்தான் மருந்து பிடிக்கின்னு அர்த்தம். பயந்து துப்பிராதீங்க.” குற்றாலம் மலைச் சரக்கில் எடுத்த தைலம் என்றும் சொன்னார்.

முதலில் அந்தக் குற்றாலம் விஷயம். நம் நாட்டில் கிராம்பு மரம் காலூன்றியதே குற்றாலத்தில்தான். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வைத்த நறுமணப் பயிர்த் தோட்டத்திலிருந்துதான் அது மற்ற மலைகளுக்குப் பரவியது. 2019 வரை குற்றாலம் நம் மாவட்டம், இப்போது தென்காசி. அதனால் அண்ணாச்சி சொல்வதில் சரித்திரம் இருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தமிழ்நாட்டுக் கிராம்பில் பெரும்பகுதி கன்னியாகுமரி மலைகளில் விளைகிறது. கடைகளில் கிடைப்பதில் நிறைய மடகாஸ்கர், தான்சானியா, இலங்கைச் சரக்கு. குப்பியில் இருப்பது எந்த மலையினுடையது என்று மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க முடிகிற விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டுத் தைலத்தை விடுங்கள். கிராம்புத் தைலம் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் போய் உருண்டை உருண்டையாக உட்கார வேண்டும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ நிறையக் கலந்திருந்தால் மேலே மிதக்கும். ரதவீதிச் சொட்டு நேரே அடிக்குப் போனது. முன்பு ஆன்லைனில் வரவழைத்த ஒரு குப்பி (லேபிளில் ‘சுத்தமானது’ என்று பெரிய எழுத்து, விலையும் இதைவிட அதிகம்) ஜம்மென்று மிதந்தது. அந்தக் கம்பெனிப் பெயரும் வேண்டாம், ஆனால் சோதனையை மறக்க வேண்டாம். ஒரு குறை, கிராம்பு மொட்டில் எடுத்ததையும் இலையில் எடுத்த மலிவான தைலத்தையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. இரண்டிலும் யூஜினால் என்கிற ரசாயனம்தான் பிரதானம், இரண்டுமே மூழ்கும். இலைத் தைலம் கொஞ்சம் முரட்டு வாசனை அடிக்கும். ஈறுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, போட்டால் என்ன ஆகிறது?

அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, பஞ்சில் தொட்டு, கன்னப் பக்கத்து ஈறில் ஒற்றினேன். சுருக்கென்று ஒரு எரிச்சல். அது கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அந்த இடம் மரத்துக்கொண்டே வந்து, விண்விண் என்ற வலி தணிந்தது. ஆனால் பல்லின் உள்பக்கம், நாக்கை ஒட்டிய ஈறு, அப்படியே வலித்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கீழ்க் கடைவாயில் கன்னப் பக்கத்து ஈறுக்கு பக்கல் நரம்பு வருகிறது, நாக்குப் பக்கத்து ஈறுக்கு லிங்குவல் நரம்பு வருகிறது. ஒரே பல்லைச் சுற்றிய ஈறுதான், ஆனால் செய்தி வெவ்வேறு கிளையில் போகிறது. போதாததற்குத் தைலம் தொட்ட இடத்தில் மட்டும்தான் ஊறும். அதனால் இரண்டு பக்கமும் ஒற்ற வேண்டும். இதை லேபிளிலும் போடவில்லை, அண்ணாச்சியும் சொல்லவில்லை.

இந்தக் கிளைகள் எல்லாம் போய்ச் சேர்கிற இடம், முகத்தின் உணர்வைச் சுமக்கிற ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சு. மண்டையோட்டுக்குள்ளே, காதுக்கு முன்னால் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று. ஈறை உணர்கிற செல்களில் பெரும்பாலானவற்றின் உடல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு தண்டை நீட்டி, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு முனையை ஈறுக்கும் இன்னொன்றை மூளைத்தண்டுக்கும் அனுப்புகிறது. இந்த நரம்பின் மூன்று பெருங்கிளைகளில் மேல் ஈறுக்கு இரண்டாவது, கீழ் ஈறுக்கு மூன்றாவது. அந்த மூன்றாவது கிளையிலிருந்துதான் காதுக்கு முன்னாலும் தாடை மூட்டுக்கும் ஒரு பிரிவு போகிறது. கடைவாய் ஈறு வலித்தால் காதும் சேர்ந்து இழுப்பது அதனால்தான். காதில் சொட்டு மருந்து கேட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் வாயையும் ஒரு தடவை திறந்து பார்க்கலாம்.

இப்போது அண்ணாச்சியின் “எரிஞ்சாத்தான் பிடிக்கி” விஷயத்துக்கு வருவோம். வீட்டில் அத்தையிடம் இதைச் சொன்னேன். “ஏட்டி, இதுல என்ன அதிசயம்? மொளவாயக் கடிச்சா மொதல்ல எரியும், பெறகு நாக்கு மரத்துப் போவும்லா? அதுமாரிதான்” என்றார். பாடப் புத்தகம் இதற்குமேல் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. மிளகாய்க் காரத்தை உணர்கிற வாசல் ஒன்று வலி நரம்பின் நுனியில் இருக்கிறது. டி.ஆர்.பி.வி.1 என்று அதற்குப் பெயர். 1997-இல் டேவிட் ஜூலியஸின் குழு அதைக் கண்டுபிடித்தது, 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கிராம்பின் யூஜினாலும் அதே வாசலைத்தான் தட்டுகிறது. வாசல் திறக்கும்போது எரிகிறது. விடாமல் தட்டினால் வாசல் சோர்ந்து, அடுத்த தட்டுக்குப் பதில் சொல்லாது. கூடவே யூஜினால் இன்னொரு வேலையும் செய்கிறது. நரம்பில் மின்துடிப்பு ஓடுவதற்குத் தேவையான சோடியம் வாசல்களை அடைக்கிறது. பல் டாக்டர் ஊசியில் போடுகிற லிக்னோகெயின் செய்வதும் அதைத்தான், இன்னும் நேர்த்தியாக.

ஆக, அண்ணாச்சி சொன்னது பாதி சரி. எரிச்சல் வந்தால் சரக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அதிகம் எரிந்தால் அதிகம் குணம் என்று அர்த்தமில்லை. அவர் சொன்னபடி தைலத்தை அப்படியே பஞ்சில் தோய்த்து வைத்தால் ஈறின் தோல் வெந்து வெள்ளையாகும், அப்புறம் வலிக்கு இன்னொரு காரணம் சேரும். எண்ணெயில் கலக்காமல் போடவே கூடாது.

எனக்கு இந்தத் தைலத்தில் சுவாரசியமே இதற்குப் பிறகுதான். வீக்கத்துக்கும் இந்த நரம்புக்கும் தொடர்பு இருக்கிறது. ஈறு சிவந்து தடித்திருக்கிறது, நரம்பு அந்தச் செய்தியை மூளைக்குச் சொல்கிறது, அவ்வளவுதான் என்றுதான் என் மாணவிகள் நினைக்கிறார்கள். நரம்பு அத்தோடு விடுவதில்லை, சிவக்க வைப்பதிலும் அதற்குக் கை இருக்கிறது. உணர்வு நரம்பைத் தூண்டினால் அது போய் முடிகிற இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன என்று 1901-லேயே பேலிஸ் என்கிற ஆங்கிலேய உடலியங்கியலாளர் நாய்களின் பின்னங்காலில் காட்டினார். உணர்வு நரம்பு உள்ளே மட்டும்தான் செய்தி கொண்டு வரும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

அந்த வேலையைச் செய்கிற ரசாயனத் தூதர்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று சப்ஸ்டன்ஸ் பி. 1931-இல் ஆய்லர், காடம் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து பிரித்தெடுத்தார்கள். வெறும் 11 அமினோ அமிலம் கோத்த சின்னச் சங்கிலி. இன்னொன்று சி.ஜி.ஆர்.பி. இதில் 37 அமினோ அமிலம். 1980-களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. இரண்டையும் ஈறில் இருக்கிற நரம்பு நுனி தானாகச் செய்துகொள்ளாது. காதுக்கு முன்னால் இருக்கிற அந்த முடிச்சில், செல்லின் உடலில் தயாராகிறது. அங்கேயிருந்து சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் கையில் கொடுத்துவிடுகிற பார்சல் மாதிரி, நரம்புத் தண்டு வழியே அனுப்பிவிடுகிறது. வேகம் ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை. முடிச்சிலிருந்து கடைவாய்க்கு இருக்கிற தூரத்துக்குச் சில மணி நேரம் போதும்.

பல்லும் ஈறும் ஒட்டுகிற விளிம்பில் இந்தப் பைகளைச் சுமக்கிற நுனிகள் நெருக்கமாக இருக்கின்றன. அழுக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து அந்த இடத்தை நோண்டும்போது நுனி மூளைக்குச் செய்தி அனுப்புவதோடு, பைகளை அங்கேயே உடைத்தும் விடுகிறது. சி.ஜி.ஆர்.பி. ரத்தக் குழாயை விரிக்கிறது, ஈறு சிவக்கிறது. சப்ஸ்டன்ஸ் பி குழாயின் சுவரைக் கசிய வைக்கிறது, மாஸ்ட் செல்கள் என்கிற பாதுகாப்புச் செல்களைக் கிளறி, வீக்கத்தைக் கூட்டுகிற ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது, ஈறு வீங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் ஊறுகிற நீரை எடுத்துச் சோதித்தால், நோய் உள்ள இடத்தில் சப்ஸ்டன்ஸ் பி கூடுதலாக இருப்பது தெரிகிறது. மூளைத்தண்டுப் பக்கத்து முனையிலும் இதே பொருள்கள் வெளிவருகின்றன, குளூட்டமேட்டோடு சேர்ந்து. குளூட்டமேட் சட்டென்று செய்தி சொல்லிவிட்டுப் போகும். இவை இரண்டும் மெதுவாக வந்து, வலியை நீட்டிவிட்டு உட்காரும்.

இதைப் படித்துவிட்டு அந்தத் தூதர்களை வில்லன்களாக நினைத்துவிட வேண்டாம். ரத்தம் கூடுதலாக ஓடினால்தான் வெள்ளணுக்கள் வந்து சேரும். உணர்வு நரம்பை அறுத்துவிட்ட விலங்குகளில் புண் ஆறுவது தாமதமாகிறது. இன்னொரு பக்கம், சி.ஜி.ஆர்.பி.-யைத் தடுக்கிற மருந்துகள் ஒற்றைத் தலைவலிக்கு 2018-இலிருந்து வந்துவிட்டன. தலைவலியும் ஈறு வலியும் ஒரே நரம்பு முடிச்சின் வழியாகப் போவதால் எனக்கு அதில் ஒரு தனி ஆர்வம். ஈறுக்கு அப்படி ஒரு ஊசி வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காரணம் பல் டாக்டரிடம் போனபோது மறுபடி தெரிந்தது.

வார இறுதி வரை தைலம் என்னைக் காப்பாற்றியது உண்மை. ராத்திரி தூங்க முடிந்தது. இட்லியை இடது பக்கமாகத் தள்ளிச் சாப்பிட முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்குக் கொஞ்சம் மேலே மரப்பு நின்றது. ஆனால் வீக்கம் குறையவே இல்லை. டாக்டர் அம்மா கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, “வலி இருக்கா?” என்று கேட்டார். “இப்ப இல்லை” என்றேன். “அப்ப கிராம்பு போட்டிருக்கீங்க” என்றார் சிரித்துக்கொண்டே. வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த வாசனை அவர்களுக்குப் பழகியதுதானே. துத்தநாக ஆக்சைடையும் யூஜினாலையும் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அப்புறம் கருவியை வைத்து ஈறுக்கு அடியில் இருந்த காரையைச் சுரண்டினார். கல் மாதிரி இருந்த துண்டுகளை எடுத்துத் தட்டில் போட்டார். அது போனபிறகுதான் வீக்கம் வடிந்தது.

இந்தக் காரைதான் நரம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தது. தைலம் நரம்பின் வாயை மூடியதே தவிர, காரையைத் தொடவில்லை. வலி போய்விட்டதே என்று டாக்டரிடம் போகாமல் விட்டுவிடுவது இந்தப் பொருளின் பெரிய ஆபத்து. நாள்பட்ட ஈறு நோய் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. பல் விளக்கும்போது ரத்தம் வரும், வாய் நாறும், பல்லைத் தாங்குகிற எலும்பு கரையும், பல் ஆடும்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட நோயில் எப்போதாவது எட்டிப் பார்க்கிற ஒரு வலியையும் கிராம்பு வைத்து அமுக்கிவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? எங்கள் தெருவில் வெற்றிலையில் கிராம்பைக் குத்தி மென்றே காலத்தை ஓட்டிய பெரியவர்கள் பலருக்கு அறுபது வயதில் பல் இல்லை. பாக்கையும் புகையிலையையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்றாலும், வலியே தெரியாமல் போனதும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: மெடிக்கலில் கிடைக்கிற லிக்னோகெயின் ஜெல் எரிச்சல் இல்லாமல் மரக்க வைக்கிறது, ஆனால் எச்சிலில் சீக்கிரம் கரைந்து நாக்கும் சேர்ந்து மரத்துவிடுகிறது. புதினா வாசனை மவுத்வாஷ் தருகிற குளிர்ச்சி இன்னொரு வாசலின் வேலை, ஈறு வலிக்கு அது பெரிதாக உதவவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைத் தைலத்தோடு சேர்த்தே செய்தேன், செலவே இல்லை.

குப்பியைப் பற்றிய குறைகள். மூடியோடு வருகிற சொட்டுக் குழாயின் ரப்பர் முனை தைலம் பட்டுப் பட்டு இளகிப் பிசுபிசுத்துவிட்டது. யூஜினால் ரப்பரையும் சில பிளாஸ்டிக்கையும் தின்னும், குழாயைக் குப்பியிலேயே போட்டு வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி வைப்பதும் வேண்டாம். எண்ணெயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று லேபிளில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், நான் கடையில் நின்றபோது பல் முளைக்கிற கைக்குழந்தைக்கு என்று ஒருவர் கேட்டு வந்தார். “லேசாத் தடவுங்க” என்று கொடுத்தே விட்டார்கள். கூடவே கூடாது. குழந்தைகள் கிராம்புத் தைலத்தை விழுங்கி வலிப்பு வந்ததும் கல்லீரல் கெட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நான் அந்த அண்ணனைத் தெருவில் நிறுத்திச் சொன்னேன், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு என்மேல் கோபம்தான். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே தொட வேண்டும்.

சரக்கின் சுத்தத்துக்கு 5-க்கு 5. வலியைத் தணிப்பதற்கு 4. லேபிளுக்கும் கடையில் சொல்கிற யோசனைக்கும் 1, அதுவும் அண்ணாச்சியின் மரியாதையான பேச்சுக்காக. மொத்தத்தில் 3 கொடுக்கலாம். டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் ஓரிரண்டு ராத்திரியைக் கடத்த நல்ல பொருள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால் வாங்கி அலமாரியில் உயரத்தில் வையுங்கள்.

அதே கடையில் 50 மில்லிக் குப்பியும் வைத்திருக்கிறார்கள், கணக்குப் பார்த்தால் மலிவு. வாங்காதீர்கள். காற்றுப் பட்டால் தைலம் கறுத்துக்கொண்டே போகும், ஒரு வீட்டுக்கு 10 மில்லியே தீராது. அவ்வளவும் வேண்டாம் என்றால் மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குக் கிராம்பு வாங்கி, ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்து மெதுவாகக் கடித்துக்கொண்டிருங்கள். மொட்டின் தலை நசுங்கும்போது வருவதும் இதே யூஜினால்தான், வேகம் மட்டும் குறைவு.